கடலுக்குப் போட்ட காத்தோட்டை

மனிதகுல வரலாற்றில் ஒரு திருப்பமாகவும், விருத்தாசலம் வட்டத்தின் பெருமைக்கு மேலும் ஒரு மகுடமாகவும் விளங்கும் பொருட்டு, இனிமேல் கடலானது விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில், வடக்கு வரிசை மூன்றாவது கொட்டகையில் தயாரிக்கப்படும் என்பது ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகால் மணிக்கு முறைப்படி அறிவிக்கப்பட்டது. நீளம் இரண்டடி. அகலம் ஒன்றரையடி. உயரம் நான்கு அங்குலம், அலைகள் உட்பட.

அறிவித்தவர் ராஜ்மோகன். கழுத்தில் அட்டை, கையில் சுருட்டிய படம், காலில் அதுவரை களிமண்ணையே பார்த்திராத ஷூ. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர்: கொட்டகையின் சொந்தக்காரரும் அச்சு கட்டுபவருமான கொளஞ்சிநாதன், காய்ந்த பொம்மைகளின் விளிம்பை ஈர ஸ்பாஞ்சால் துடைத்துச் சீராக்கும் அவர் மனைவி தனக்கோடி, வண்ணம் பூசும் ஆண்டாள். இவர்கள் போக, சூளைக்குப் போகக் காத்திருந்த நானூறு பிள்ளையார்கள். பிள்ளையார்கள்தான் கொஞ்சம் அக்கறையாகக் கேட்டமாதிரி இருந்தது. காது பெரிது.

விஷயம் இதுதான். கடலோரத்தில் ஒரு மாநகரம். பேரைச் சொன்னால் கோபித்துக்கொள்ளும் அளவுக்குப் பெரியது. மழை பெய்தால் மூழ்கும், பெய்யாவிட்டால் தவிக்கும். நடுவில் வேறு நிலைமை அதற்குத் தெரியாது. அதன் தாகத்தைத் தீர்க்கக் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று திட்டமிடப்பட்டிருந்தது. திட்டத்தை வந்து போகிறவர்களுக்கு விளக்க ஒரு மாடல் வேண்டும். பிளாஸ்டிக்கில் செய்தால் சுற்றுச்சூழல்காரர்கள் போட்டோ எடுத்துப் போடுகிறார்கள். ஆகவே மண்ணில் செய்து சுட்டு வைப்பது என்று ராஜ்மோகனின் ஆலோசனை நிறுவனம் இரண்டு நாள் கூடி, மூன்று வேளை சாப்பிட்டு, ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது.

“கடல்லேர்ந்து பைப்பு வழியா தண்ணி உள்ள வரும்ங்க. ஜவ்வு மாரி ஒரு பில்டர்ல அழுத்துவோம். உப்பு இந்தப் பக்கம் நின்னுடும், நல்ல தண்ணி அந்தப் பக்கம் போயிடும்” என்றார் ராஜ்மோகன்.

“நின்ன உப்ப என்னாங்க பண்ணுவீங்க?” என்று கேட்டாள் தனக்கோடி, ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே.

“திரும்பக் கடல்லயே வுட்ருவோம்.”

“கடல்ல எடுத்த உப்ப கடல்லயே கொட்டுறதுக்கா இம்மாம் பெரிய கட்டடம்?”

ஆண்டாள் தூரிகையை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தாள். ராஜ்மோகனும் சிரித்துவைத்தார். பதினெட்டு மாதமாக இந்தத் திட்டத்தில் இருக்கிறார். இப்படி ஒரு கோணத்தை யாரும் காட்டியதில்லை.

கொளஞ்சிநாதன் படத்தைக் களிமண் மேஜைமேல் விரித்துக் குனிந்து பார்த்தார். “தண்ணி உள்ள வர்ற பைப்பு இருக்குது. வெளிய போறது எங்க? காணுமே?”

“அது இன்னும் முடிவாவலிங்க. மூணு கமிட்டி போட்ருக்கு. நீங்க அத வுட்ருங்க. ஒண்ணே ஒண்ணு, மாடலோட அடிப்பக்கம் மட்டும் வழவழன்னு இருக்கணும். எங்க கம்பெனி முத்திரைய அங்க பதிக்கணும். கீறலு, ஓட்டை, ஒண்ணும் இருக்கக் கூடாது.”

“அடிப்பக்கத்த எவங்க பாப்பாங்க?”

“எங்க எம்டி பாப்பாரு.”

அந்தக் காரணத்துக்கு மேல் உலகத்தில் காரணம் கிடையாது என்பதால் பேச்சு முடிந்தது.

சங்கடம் என்னவென்றால், கடல் செய்ய ஒப்புக்கொண்ட இருவரும் கடலைப் பார்த்ததில்லை. மாசி மகத்துக்கு ஊர் உலகத்துச் சாமியெல்லாம் கடலுக்குப் போகும். விருத்தாசலத்துக்காரர்களுக்கு மணிமுத்தாறு இருக்கிறது; கடல் எதற்கு? ஆற்றில் தண்ணீர் இல்லாத வருஷம் மணலில் ஊற்றுத் தோண்டி ஒரு சொம்பு தலையில் ஊற்றிக்கொண்டு வந்துவிடுவார்கள். அதற்காகப் புண்ணியம் ஒன்றும் குறைந்ததாகத் தகவல் இல்லை.

ஆனால் அவர்கள் மகள் கயல்விழி கடலோரத்தில்தான் இருந்தாள். அதே மாநகரத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனவள், வலை இழுக்கும்போது கையைக் கிழித்துக்கொண்டு வந்த பாரி என்பவனுக்கு ஏழு தையல் போட்டாள். தையல் பிரிக்க வந்தவன் அவளையும் நொச்சிமேட்டுக் குப்பத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். “எனக்கு மகளே கெடையாது” என்று கொளஞ்சிநாதன் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொன்னார். மூன்று வருஷமாக அவள் பேர் அவர் வாயில் வரவில்லை. மாதம் ஒருமுறை பஸ்ஸில் வரும் கருவாட்டுப் பொட்டலம் மட்டும் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டதில்லை. தனக்கோடி சொன்னதில்லை. குழம்பு கொதிக்கும்போது இருவருமே பேசிக்கொள்வதில்லை.

காலை பதினோரு மணிக்கு அவர் டீக்குப் போவார். பதினொன்று ஐந்துக்கு தனக்கோடி மகளைக் கூப்பிடுவாள்.

“யாடி கயலு, கடலு எப்டி இருக்கும்?”

“என்னாம்மா திடீர்னு?”

“செய்யணும்டி. ஆர்டரு வந்துருக்குது.”

“கடலுக்கா? ஆர்டரா?” அந்தப் பக்கம் சிரிப்பு அடங்க நேரமாயிற்று. “யம்மா, அது இங்க சும்மாதான் கெடக்குது. வேணும்னா எடுத்துட்டுப் போ.”

“வெளையாடாத. நெறம் சொல்லு.”

“நேரத்துக்கு ஒரு நெறம்மா. விடியறப்ப பாலு ஊத்தாத டீத்தண்ணி மாரி கெடக்கும். வெயிலேறுனா கண்ணாடி வளையல ஒடச்சிக் கொட்டுனாப்ல. உச்சி வேளைல பாக்கவே முடியாது, கண்ணு கூசும். சாயந்தரம், ஒன் மயில்கழுத்துப் பொடவ இருக்குதுல்ல, அது தோச்சித் தோச்சி வெளுத்தாப்ல.”

“நாலு நெறத்துக்கு நான் எங்கடி போவேன். ஒண்ணு சொல்லு.”

“அப்பன்னா பொடவையே வெச்சிக்கோ.”

தனக்கோடி படத்தை மடியில் வைத்துக்கொண்டாள். “ஒன் வூடு எங்கடி இருக்குது இதுல?”

“ஆலை வர்ற எடத்துக்கு வடக்க, கரை கொஞ்சம் உள்வாங்குனாப்ல இருக்கும் பாரு. ரெண்டு தென்ன மரம். அதுக்கு நேர வாசப்படி. வாசப்படில நின்னு காறித் துப்புனா கடல்ல வுழும்.”

“துப்புவியாடி அதுல?”

“ஒரு பேச்சுக்கும்மா.”

பங்குனி வெயிலில் எஸ்டேட் வேறு மாதிரி ஆகிவிடும். கொட்டகைகளின் தகரத்திலும் வேப்பமரத்து இலைகளிலும் ஆட்களின் புருவத்திலும் வெள்ளை மண்ணின் தூசி படிந்து, நட்ட நடுப்பகலில் நிலா காய்வது போலிருக்கும். அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து தனக்கோடி அலைகளைத் துடைத்தாள். கொளஞ்சிநாதன் பிளாஸ்டர் அச்சில் மண்கூழை ஊற்றி எடுத்த கடல், ஈரம் காயாமல், சாம்பல் நிறத்தில், தூங்கும் எருமையின் முதுகு மாதிரிக் கிடந்தது. ஸ்பாஞ்சு போகப் போக அலைகள் அவள் விரலுக்கடியில் நகர்ந்தன. அவளும் நகர்ந்தாள். காதில் ஒரு இரைச்சல். பக்கத்துக் கொட்டகையில் மண் அரைக்கும் உருளைதான் சுற்றுகிறது என்று தெரியும். இருந்தாலும் அது கடலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். தண்ணீருக்குமேல் நடந்து போய், உள்வாங்கிய கரையில் ஏறி, இரண்டு தென்னைகளுக்கு நடுவே நின்று, “கயலு” என்று கூப்பிட்டாள். கதவு திறக்கிற சமயத்தில் ஆண்டாள் தோளைத் தட்டினாள்.

“அக்கா, கடலத் தேச்சே தீத்துடுவ போல. காத்தோட்டையப் போட்டு வைய்யி.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். உள்ளே கூடாக இருக்கும் எதையும் நாலா பக்கமும் மூடிச் சூளையில் வைத்தால், உள்ளிருக்கும் காற்று போக வழியில்லாமல் பொருளை வெடிக்கவைத்துவிடும். அக்கம்பக்கத்தில் இருப்பதையும் சேர்த்து. அதனால் எஸ்டேட்டில் செய்யும் கூடான உருவம் எதற்கும் கண்ணில் படாத இடத்தில் ஒரு துளை உண்டு. புத்தருக்கு அடியில், யானைக்கு வயிற்றில், வெள்ளைக்காரச் சீமாட்டிக்குக் கவுனுக்குள்ளே. காத்தோட்டை என்று பேர். போடுவது தனக்கோடி, பழைய குடைக்கம்பியால்.

கடலுக்கு அடியில் போடக் கூடாது, அங்கே முத்திரை. அப்படியானால் மேலேதான். குடைக்கம்பியை எடுத்துக்கொண்டு அவள் அதிக நேரம் யோசிக்கவில்லை. கரை உள்வாங்கும் இடத்தில், இரண்டு தென்னைகளுக்கு நேர் எதிரே, குழந்தையின் கன்னத்தில் மை வைப்பது போல ஒரு துளையிட்டாள். வேறு யாருக்கும் தெரியாமல் அங்கே மகள் வீடு இருந்தது. சுண்டு விரலை விட்டுச் சுற்றி, துளையின் வாயை அகலமாக வழித்துவிட்டாள்.

சூளையில் கடல் பத்தில் ஒரு பங்கு சுருங்கியது. மண் என்றால் சுருங்கும். இதைக் குறித்து எந்தச் சுற்றுச்சூழல் அமைப்பும் கவலை தெரிவிக்கவில்லை.

மாடல் மாநகரத்துக்குப் போய் ஒரு மாதம் கழித்து ராஜ்மோகன் போன் செய்தார். குரலில் இனிப்பு வழிந்தது.

“பெரிய அதிகாரி வந்து பாத்தாருங்க. அரை மணி நேரம் சுத்திச் சுத்தி வந்தாரு. அப்பறம் கடல்ல இருக்குற ஓட்டைல சுண்டு வெரல வுட்டு, ‘உப்புத்தண்ணி இங்கதான் வெளிய போவுதா’ன்னாரு.”

“நீங்க என்னா சொன்னீங்க?” என்றார் கொளஞ்சிநாதன்.

“பதினாலு பேரு இருந்தோம். பதினாலு பேரும் ‘ஆமா சார்’ன்னோம். ‘நல்ல இடம்’னுட்டாரு. மாடலில் காட்டியுள்ளவாறுன்னு பைல்ல எழுதியாச்சி. மூணு கமிட்டியால முடியாதது, நீங்க ஒரே ஓட்டைல முடிச்சிட்டீங்க.”

கொளஞ்சிநாதனுக்குப் பெருமையாக இருந்தது. மறுபடி டீக்கடைக்குப் போனார்.

தனக்கோடிக்கு அந்தப் பெருமை மறுநாள் பதினொன்று ஐந்து வரைக்கும் இருந்தது.

“யம்மா.” கயல்விழியின் குரல் ஈரத்துணி மாதிரி இருந்தது. “அந்தக் கடல்ல ஓட்டை போட்டது யாரும்மா?”

“ஏன்டி?”

“நேத்து சர்வேக்காரங்க வந்தாங்க. எங்க வூட்டுக்கு நேர செவப்புக் கொடி நட்டாங்க. கைல ஒரு போட்டோ. எட்டிப் பாத்தா நீ செஞ்ச கடலு. ஒன் பொடவ நெறம். எனக்கு சந்தோசம் தாங்கல. ‘இது எங்கம்மா செஞ்சது, எங்கம்மா கையி’ன்னு ஊருக்கே கூவிட்டேன். எங்க மாமியா, நாத்தனா, சங்கத்துத் தலைவரு, அத்தினி பேரும் நிக்கிறாங்க. அப்பறந்தான் அவங்க சொல்றாங்க, அந்த ஓட்டை வழியாதான் உப்புச்சாறு வரப்போவுது, கரையோர மீனெல்லாம் ஓடிப்போவும்னு.”

தனக்கோடி கையிலிருந்த குடைக்கம்பியைக் கீழே வைத்தாள்.

“காலைலேர்ந்து ஒருத்தரும் எங்கிட்ட பேசலம்மா. தண்ணி லாரிகிட்ட கொடத்த வெச்சா, எங்கொடத்த தள்ளி வெக்கிறாங்க. ‘ஒங்கம்மா போட்ட ஓட்டைல எங்க பொழப்பு போவுது’ங்குது மாமியா. இவரு ரெண்டு பக்கமும் பேச முடியாம போட்டுக்கு அடில போயி ஒக்காந்துருக்காரு. ஆடி பொறந்தா மக்கள்கிட்ட கருத்து கேக்குற கூட்டமாம். அதுக்குள்ள அந்த ஓட்டை போவலன்னா நான் இங்க இருக்க முடியாதும்மா. அங்கயும் வர முடியாது. எங்க போறது நான்?”

அன்று மத்தியானம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். கொளஞ்சிநாதன் களியில் குழி செய்து குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். தனக்கோடி எல்லாவற்றையும் சொன்னாள். மகள் பேரைச் சொல்லாமல், “அங்க ஒருத்தி” என்று ஆரம்பித்து, பாதியில் பேரைச் சொல்லியே முடித்தாள்.

அவர் மெல்லுவதை நிறுத்தினார். “இருவத்தஞ்சி வருசமா காத்தோட்டை போடுற. கடலு அம்மாம் அகலம் இருக்குது. வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?”

“அங்கதான் அவ வூடு.”

“அதுக்கு?”

“அதுக்குன்னா? அடையாளத்துக்குப் போட்டேன். பாத்துக்கலாம்னு.”

“யாரு பாக்குறதுக்கு?”

“நீங்கதான் நேர்ல போயி பாக்க வுட மாட்டேங்குறீங்க. ஓட்டைலயாச்சும் பாக்குறேன்.”

கொளஞ்சிநாதன் கருவாட்டுத் துண்டை ஓரமாக ஒதுக்கினார். மூன்று வருஷத்தில் முதல்முறை. கை கழுவிவிட்டு வந்து, “காலைல மொத பஸ்ஸுக்குப் போவோம். ஆபீஸ்ல பேசத்தான் வரேன். வேற எங்கயும் வரல” என்றார்.

விருத்தாசலம் தாண்டி நெடுஞ்சாலையில் பஸ் ஏறியதும் தனக்கோடிக்குத் தூக்கமும் விழிப்புமாக இருந்தது. கம்பங்கொல்லைகளின்மேல் வெயில் நெளிந்தது. தார்ச்சாலை தூரத்தில் தண்ணீராகி, கிட்டப் போனால் சாலையாகி, மறுபடி தூரத்தில் தண்ணீரானது. உள்ளே வருவது, வெளியே போவது. அந்த மாநகரத்துக்கு வேண்டிய தண்ணீர் முழுக்க இங்கேயே பளபளத்துக்கொண்டிருக்கிறது, யாராவது ஒரு பைப்பை மட்டும் வைத்தால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. இதைவிட மோசமான யோசனைகளுக்குக் கமிட்டி போட்டிருக்கிறார்கள்.

ஆலோசனை நிறுவனத்தின் ஆபீஸில் ஐந்தாவது மாடியில் தலைமை ஆலோசகர் உட்கார்ந்திருந்தார். அறை குளுகுளு என்றிருந்தது. மேஜையில் தடிமனான அறிக்கை. அவர் மேடைத் தமிழிலேயே சுவாசிப்பவர்.

“அம்மா, அந்த வெளியேற்றுப் புள்ளி பதினெட்டு மாத அறிவியல் ஆய்வின் விளைவு. நீரோட்டம், காற்றின் திசை, மணற்படிவு, அனைத்தும் ஆராய்ந்து இருநூற்றுப் பன்னிரண்டு பக்கங்களில் நிறுவப்பட்டுள்ளது.”

“நாங்க மாடலு செஞ்சே ரெண்டு மாசந்தாங்க ஆவுது” என்றார் கொளஞ்சிநாதன்.

“ஆய்வு முன்பிருந்தே நடந்தது. முடிவுதான் பின்னால் வந்தது.”

“அது முடிவு இல்லிங்க” என்றாள் தனக்கோடி. “அது காத்தோட்டை.”

“காற்றோட்டமா? அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது.”

“காத்தோட்டம் இல்லிங்க ஐயா. காத்து, ஓட்டை. சூளைல வைக்கறப்ப உள்ள இருக்குற காத்து வெளிய போறதுக்கு நாந்தான் குடைக்கம்பியால குத்துனேன்.”

“அந்தத் துளை இல்லாவிட்டால்?”

“கடலு வெடிச்சிடும்ங்க.”

தலைமை ஆலோசகர் பேனாவைத் திறந்து, ‘வெளியேற்றுப் புள்ளியை மாற்றினால் கடல் வெடிக்கும் அபாயம்: உள்ளூர் மக்கள் அச்சம்’ என்று குறிப்பெழுதிக்கொண்டார்.

“உங்கள் கருத்து பதிவு செய்யப்பட்டுள்ளது” என்றார்.

வெளியே வந்ததும் ராஜ்மோகன் அவர்களைப் படிக்கட்டுக்குக் கீழே ஒதுக்கிக்கொண்டு போனார். பாவம், அவருக்கும் முகம் வெளுத்திருந்தது.

“அவரால ஒத்துக்க முடியாதுங்க. காத்தோட்டைக்கு எரநூத்திப் பன்னண்டு பக்கம் எழுதுனோம்னு வெளிய தெரிஞ்சா என்னா ஆவும்? படத்த மாத்தணும்னா மூணு கமிட்டியும் கூடணும், ரெண்டு வருசம் ஆவும். ஆனா ஒண்ணு. பைல்ல ‘மாடலில் காட்டியுள்ளவாறு’ன்னுதான் இருக்குது. மாடலு எப்டியோ பைலு அப்டி. மாடலு ஏதாச்சும் தவறி ஒடஞ்சிபோனா, புதுசு வைக்கறதுக்கு எந்தக் கமிட்டியும் வேணாம்.”

“தவறின்னா?” என்றாள் தனக்கோடி.

“தவறித்தான். நான் ஒண்ணும் சொல்லலிங்க” என்றுவிட்டு ராஜ்மோகன் போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

மாடல் கீழ்த்தளத்து வரவேற்பு அறையில், கண்ணாடி மேஜையில் இருந்தது. வெளுத்த மயில்கழுத்து நிறம் விளக்கு வெளிச்சத்தில் மினுங்கியது. தனக்கோடி அதன் எதிரே நின்றாள். தன் கையால் இதை உடைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்வாங்கிய கரை, இரண்டு தென்னை. எப்படி முடியும்?

அவளுக்குப் பின்னால் கொளஞ்சிநாதன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டார். முழங்கை மேஜைக்கு மேலாகப் போயிற்று. கடல் விளிம்பில் ஒரு வினாடி யோசித்து, கீழே போய், நாற்பது துண்டானது. இருபத்தைந்து வருஷத்தில் கை தவறி ஒரு அகல்விளக்கைக்கூட உடைக்காத மனிதர்.

“அய்யய்யோ, கை தவறிப்போச்சிங்களே” என்றார், வரவேற்பறைப் பெண்ணிடம், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது போல.

பஸ்ஸில் திரும்பி வரும்போது தனக்கோடி அவர் முழங்கையைத் தடவிப் பார்த்தாள். சின்னச் சிராய்ப்பு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இரண்டாவது கடல் வைகாசி கடைசியில் அச்சிலிருந்து வந்தது. காய்ந்தால் துளையிட முடியாது. பிற்பகலுக்குள் போட்டாக வேண்டும். தனக்கோடி குடைக்கம்பியோடு உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டாள். இந்த முறை கொளஞ்சிநாதன் டீக்குப் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, அச்சைத் துடைப்பவர் போல, ஏற்கெனவே துடைத்த அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“கயலு, தெக்கால தள்ளிப் போட்டா?”

“தெக்கால நாத்தனா ஊரும்மா. போன மாசந்தான் கொழந்த பொறந்துருக்குது.”

“வடக்கால?”

“வடக்கால காத்தவராயன் பெரியப்பா கூட்டம். நண்டுதான் அவங்களுக்கு. அவரு ஒருத்தருதான் இப்ப எங்கிட்ட பேசுறாரு.”

“இன்னும் வடக்க?”

“அங்க ஆமை வந்து முட்ட வைக்கும்.”

“ஆள் இல்லாத எடமா நடுக்கடல்ல போட்டுடட்டா?”

“இவரு அங்கதாம்மா வல போடுறாரு.”

தனக்கோடி போனை வைத்தாள். ஈரக்கடல் அவள் மடியருகே பளபளத்தது. கம்பியைத் தெற்கே கொண்டுபோனாள். ஒரு பச்சைக் குழந்தை கண் திறந்து பார்த்தது. வடக்கே கொண்டுபோனாள், பார்த்திராத ஒரு கிழவர் நண்டு வலையை உதறிக்கொண்டு, ‘வாம்மா’ என்றார். நடுக்கடலில் வைத்தாள், தலைக்குமேல் தையல் போட்ட ஒரு கை வலையை வீசியது, வலை விரிந்து விரிந்து கொட்டகைக் கூரை முழுக்க மூடியது. இவ்வளவு பெரிய கடலில் யாருடைய வாசலிலும் இல்லாத ஒரு கடுகளவு இடம் கிடைக்கவில்லை. படம் போட்டவர்கள் வெறும் நீலம் தீட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் வேலை சுலபம்.

மண் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

“ந்தா, அடில போடு” என்றார் கொளஞ்சிநாதன்.

“முத்திர?”

“முத்திரைய ஓட்ட மேலயே ஒட்டிக்கட்டும். எம்டிக்கு என்னா, தூக்கிப் பாக்கறதுக்கு ஒண்ணு இருந்தா போதும்.”

இருவருமாகக் கடலைக் குப்புறப் புரட்டினார்கள். அவர் பிடித்துக்கொள்ள அவள் குத்தினாள்.

மூன்று வாரத்தில் ராஜ்மோகனிடமிருந்து போன் வந்தது.

“பெரிய அதிகாரி மறுபடி வந்தாருங்க. கடல்ல வெரல வுட ஓட்டையத் தேடுனாரு. காணும். ‘வெளியேற்றம் எங்கே’ன்னாரு. எங்க தலைமை ஆலோசகரு ஒரு நொடி தெகச்சிட்டு, ‘மேம்படுத்தப்பட்ட வடிவமைப்பு சார், இதில் கழிவே கிடையாது’ன்னுட்டாரு. எல்லாரும் கை தட்டுனாங்க. இப்ப நாட்டுலயே மொத கழிவில்லா ஆலைன்னு நம்பளுதுதான் பேச்சு. புது அறிக்கை முந்நூறு பக்கம்.”

“அப்ப உப்பு எங்கங்க போவும்?” என்றாள் தனக்கோடி.

“அத இன்னும் யாரும் கேக்கலிங்க.”

மறுநாளே குப்பத்தில் சிவப்புக் கொடியைப் பிடுங்கிவிட்டார்கள். கயல்விழியின் குடம் வரிசையில் பழைய இடத்துக்கு வந்தது. மாமியார் ராஜாம்பாள் போனை வாங்கி, “சம்பந்தியம்மா, ஓட்டைய அடச்சதுக்கு ஒரு நாளு வந்து சாப்புட்டுப் போங்க. அவரையும் இஸ்துக்குனு வாங்க” என்றாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். கொளஞ்சிநாதன் புது வேட்டி கட்டியிருந்தார். வேறு வேலையாகப் போகிறவர் முகத்தை அதற்குமேல் வைத்திருந்தார். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மணலில் கால் புதைந்தது. இரண்டு தென்னைகளுக்கு நடுவே கயல்விழி நின்றாள். ஓடி வரவில்லை. பாதி தூரம் வந்து நின்றுகொண்டாள்.

ராஜாம்பாள்தான் முந்தினாள். “வாங்க சம்பந்தி. பொண்ணு வேணாம், கருவாடு மட்டும் வேணும்ங்குற ஆளு எப்டி இருப்பாருன்னு பாக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆச.”

பாரி தலையைக் குனிந்துகொண்டான். தனக்கோடி புடவைத் தலைப்பால் வாயை மூடினாள். கொளஞ்சிநாதன் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார்.

“உப்பு கொஞ்சம் தூக்கலா இருந்துச்சிங்க” என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், “கயலு, குடிக்கத் தண்ணி கொண்டாம்மா” என்றார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு வந்த பேர். கயல்விழி உள்ளே ஓடினாள். லாரித் தண்ணீர்; முந்தாநாள் பிடித்தது. செம்பில் முக்கால் கொண்டுவந்தாள். அவர் ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் குடித்தார்.

வஞ்சிர மீன் குழம்பு, வறுத்த சங்கரா, பிசுபிசுத்த புழுங்கலரிசிச் சோறு. சாப்பிட்டுவிட்டு எல்லோரும் கரைக்குப் போனார்கள். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. தனக்கோடி தண்ணீருக்குள் கணுக்கால் வரை போய் நின்றாள். காலுக்கடியில் மண் நழுவி, கூடவே தானும் எங்கோ மெல்ல இழுத்துக்கொண்டு போகப்படுவது போலிருந்தது, பயமாக இல்லை. அலை வந்தது, போயிற்று, வந்தது. தூரத்தில் ஒரு படகு வானத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில், எதிலும் ஒட்டாமல் மிதந்தது. பின்னால் கொளஞ்சிநாதன் மருமகனிடம் வலைக்கண்ணின் அளவைப் பற்றி ஏதோ விசாரித்துக்கொண்டிருந்தார். கயல்விழி வந்து பக்கத்தில் நின்று கையைக் கோத்துக்கொண்டாள். ராஜாம்பாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். அதுகூட இதமாக இருந்தது. இருவர் நிழலும் நீண்டு நீண்டு தண்ணீருக்குள் இறங்கி, அங்கேயே குடியிருக்கப் போவது போல அசைந்தன.

கழிவுநீர்க் குழாய் வராத சுத்தமான கரை என்பதால், மறு மாதம் அந்த இடத்தைச் சரக்குத் துறைமுகத்துக்கு ஒதுக்கினார்கள்.